மேட்டில் ஏறிய கடைசிப் புகை

இரும்புப் பாதையின் கதை – 23

ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 ஜனவரியில் வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டான்டன் ஊருக்குப் போனது ஏர்கண்டிஷனரைப் படம் எடுக்க. வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் விளம்பர வேலை. புரூக்ளினில் பிறந்தவர், சிவில் இன்ஜினீயரிங் படித்தவர், அப்போது வயது 40. தொழிற்சாலைகளுக்கும் கம்பெனிகளுக்கும் விளம்பரப் படம் எடுத்துக் கொடுப்பதுதான் அவருக்குச் சோறு போட்ட தொழில். வேலை நேரம் முடிந்த பிறகு பக்கத்து ஊரான வேய்ன்ஸ்பரோவுக்குக் காரில் போனார். அங்கே நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பாதை இருந்தது. இருட்டில் ஒரு நீராவி இன்ஜின் வந்து நின்று, புறப்பட்டுப் போனது. மறுநாள் ராத்திரி, ஜனவரி 21 அன்று, விளக்குகளோடு திரும்பி வந்து முதல் படத்தை எடுத்தார். அன்று தொடங்கிய வேலை 1960 வரை நீண்டது. ஏறக்குறைய 2,400 நெகட்டிவ்கள் சேர்ந்தன.

மறுநாளே விளக்குகளோடு திரும்பி வந்த அந்த அவசரம் புரிய வேண்டுமென்றால் அந்த ரயில்வேயின் நிலைமை தெரிய வேண்டும். அமெரிக்காவின் பெரிய ரயில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக டீசலுக்கு மாறிவிட்டிருந்தன. மேற்கே வயோமிங்கில் ஷெர்மன் மேட்டில் யூனியன் பசிபிக்கின் ‘பிக் பாய்’ இன்ஜின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவையும் 1959 ஜூலையோடு நின்றன. பிரதான பாதை முழுவதையும் நீராவியை நம்பியே நடத்திய பெரிய கம்பெனி என்றால், கடைசியில் மிஞ்சியது நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன்தான்.

காரணம் எளிது. அதன் வருமானமே நிலக்கரி. மேற்கு வர்ஜீனியாவின் போகஹான்டஸ் சுரங்கங்களிலிருந்து கரியை ஏற்றி, அப்பலாச்சிய மலைகளைத் தாண்டி, அட்லாண்டிக் கரையில் நார்ஃபோக் துறைமுகத்தில் கொட்டுவது அதன் பிழைப்பு. பாதை நெடுகக் கரி கிடைக்கும்போது எண்ணெயை எதற்கு விலைக்கு வாங்க வேண்டும்? மற்ற கம்பெனிகள் இன்ஜினை வெளியில் வாங்கின. இவர்கள் ரோனோக் நகரில் இருந்த சொந்தப் பட்டறையில் தாங்களே வடிவமைத்துத் தாங்களே கட்டினார்கள். 1953 டிசம்பர் வரை கட்டினார்கள். அமெரிக்கப் பெரிய ரயில்வே ஒன்றுக்காக அந்த நாட்டில் கட்டப்பட்ட கடைசி நீராவி இன்ஜின் அந்த மாதம் ரோனோக்கிலிருந்துதான் வெளியே வந்தது.

இன்னொரு செய்தி எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. எல்க்ஹார்ன் மலையேற்றத்தில் 1915லேயே இவர்கள் மின்சார ரயில் ஓட்டியவர்கள். செங்குத்தான பழைய பாதையில் நீராவி திணறியது என்பதால் மின்சாரம். 1950இல் ஏற்றம் குறைந்த புதிய சுரங்கப்பாதை திறந்ததும் மின்கம்பிகளை அவிழ்த்துவிட்டு, அதே மலையில் மறுபடியும் நீராவி இன்ஜினை ஓட்டினார்கள். நீராவி போய் மின்சாரம் வந்த கதையை எல்லா நாட்டிலும் கேட்கலாம். மின்சாரம் போய் நீராவி வந்த கதை அபூர்வம். தங்கள் இன்ஜின்மேல் அத்தனை நம்பிக்கை அவர்களுக்கு.

நம்பிக்கைக்கு ஆதாரம் ரோனோக்குக்குக் கிழக்கே இருந்தது. நகரை விட்டு வெளியே வந்ததும் புளூ ரிட்ஜ் மலைத்தொடர் குறுக்கே நிற்கும். அதன்மேல் ஏறும் பாதை நூறு அடிக்கு 1.2 அடி உயரும். படிப்பவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது பிடிப்பு மிகக் குறைவு. பின்னால் சுமார் பத்தாயிரம் டன் கரி தொங்குகிறது. முன்னால் ஓர் இன்ஜின் இழுக்கும். வால் பக்கம் இன்னொன்று முட்டுக்கொடுத்துத் தள்ளும். நம் ரயில்வேக்காரர்கள் ‘பேங்கர்’ என்று சொல்வது அதைத்தான்.

தள்ளும் வேலைக்குப் பெரும்பாலும் வருவது ‘ஒய்-6’ வகை. ஒரே பாய்லருக்குக் கீழே இரண்டு இன்ஜின் அளவுக்குச் சக்கரங்கள்: எட்டும் எட்டுமாகப் பதினாறு இயக்கச் சக்கரங்கள். பாய்லரிலிருந்து வரும் நீராவி முதலில் பின்பக்கச் சிலிண்டர்களுக்குப் போகும். அங்கே வேலை செய்து பாதி வலுவிழந்த நீராவியை வெளியே விட்டுவிட மாட்டார்கள். முன்பக்கச் சிலிண்டர்களுக்கு அனுப்பி இன்னொரு முறை வேலை வாங்குவார்கள். வலு குறைந்த நீராவிக்குப் பரப்பு அதிகம் வேண்டும் என்பதால் முன் சிலிண்டரின் விட்டம் 39 அங்குலம், பின் சிலிண்டர் 25 அங்குலம்தான். அந்த முன் சிலிண்டருக்குள் ஒரு சிறுபிள்ளை நிமிர்ந்து நிற்கலாம்.

மேட்டில் இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். புகைப்படக்காரர்கள் சமவெளியை விட்டு மலையேற்றத்தைத் தேடிப் போனதன் ரகசியம் அதில்தான் இருக்கிறது. பிஸ்டனைத் தள்ளி முடித்த நீராவி புகைபோக்கி வழியாகப் பீறிட்டு வெளியேறும். போகிற போக்கில் கரி எரியும் தீயறையிலிருந்து புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்துக்குப் புதுக்காற்று கரிக்கடியிலிருந்து பாயும். ஏற்றம் கடுமையாகக் கடுமையாக டிரைவர் நீராவியைத் திறந்துவிடுவார். நீராவி கூடினால் இழுப்பு கூடும், இழுப்பு கூடினால் தீ கூடும், தீ கூடினால் நீராவி கூடும். சுமைக்கேற்ப இன்ஜின் தானே தன் தீயை ஊதிக்கொள்கிறது. சமதரையில் நாற்பது, ஐம்பது மைல் வேகத்தில் ஓடுகிற ரயில் மெல்லிய புகைக்கோட்டைத்தான் இழுத்துக்கொண்டு போகும். மேட்டிலோ வேகம் ஆள் ஓடுகிற அளவுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு மூச்சும் தனித்தனியாகக் காதில் விழும். புகைபோக்கியின்மேல் வெண்தூண் எழும்பும். குளிர்காலம் என்றால் நீராவி உடனே குளிர்ந்து இன்னும் அடர்ந்து நிற்கும். சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள். படமெடுப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மற்றவர்கள் இதைப் பகலில் எடுத்தார்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க, இன்ஜின் முக்கால் பக்கம் தெரிய, அழகாக, ஆயிரக்கணக்கில். லிங்க் ராத்திரியைத் தேர்ந்தெடுத்தார். சூரியனை இடம் மாற்ற முடியாது, தண்டவாளத்தையும் மாற்ற முடியாது; வெளிச்சத்தை மட்டுமாவது நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. கறுப்பு இன்ஜின், பகலில் அதன் நீராவி வெளிறிய வானத்தோடு கலந்துவிடும். இருட்டில் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடித்தால் நீராவி பளீரென்று வெண்மையாக நிற்கும். தண்டவாளத்து ஓரத்துக் குப்பைகூளம், கம்பிகள், வேண்டாத கட்டிடங்கள் எல்லாம் இருட்டோடு போய்விடும். அவர் காட்ட நினைத்தது மட்டும் தெரியும்.

எழுதுவதற்குச் சுலபம். அன்றைய ஃபிளாஷ் பல்பு ஒருமுறை எரிந்தால் அவ்வளவுதான். அடுத்த படத்துக்கு வேறு பல்பு. ஓடும் ரயிலின் நீளத்துக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் பத்து, இருபது, நாற்பது பல்புகள். எல்லாம் ஒரே கணத்தில் எரிய வேண்டும். கடைகளில் அதற்கான கருவி கிடையாது. லிங்க் தானே மின்சாரப் பெட்டியையும் பிரதிபலிப்பான்களையும் செய்துகொண்டார். பல்புகளைத் தொடர் இணைப்பில் கோத்தார்: ஒரு பல்பில் பழுது என்றால் ஒன்றுமே எரியாது. பாதி எரிந்து பாதி எரியாத படத்துக்கு அது மேல். பகல் முழுக்க அவரும் உதவியாளரும் வயலிலும் மரத்திலும் கூரையிலும் விளக்கு கட்டுவார்கள், ஆற்றைத் தாண்டிக் கம்பி இழுப்பார்கள். ரயில் வருவது ஒருமுறை, கை அமுக்குவது ஒருமுறை. படம் விழுந்ததா என்பது நெகட்டிவைக் கழுவிய பிறகுதான் தெரியும்.

ரயில்வேயின் தலைவர் ராபர்ட் ஸ்மித் அனுமதி கொடுத்திருந்தார். கம்பெனி சம்பளம் கொடுக்கவில்லை; லிங்க் கேட்கவும் இல்லை. எல்லாம் சொந்தச் செலவு. நியூயார்க்கில் விளம்பர வேலை செய்து சம்பாதித்து, அந்தப் பணத்தில் பல்பு வாங்கிக்கொண்டு மலைக்கு வருவார்.

அவருடைய படங்களில் மிகப் புகழ்பெற்றது மேற்கு வர்ஜீனியாவின் இயேகர் ஊரில் 1956 ஆகஸ்ட் 2 அன்று எடுத்தது. காரில் உட்கார்ந்தபடியே சினிமா பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு. முன்னால் திறந்த காரில் ஓர் இளம் ஜோடி. அந்த கார் லிங்க்கின் சொந்த பியூக். திரையில் போர் விமானம் பறக்கிறது. வலப்பக்கம் திரைக்குப் பின்னால் ‘ஏ’ வகை இன்ஜின் ஒன்று வெண்ணீராவியைக் கக்கிக்கொண்டு பாய்கிறது. அதற்கு 43 பல்புகள் செலவாயின. அத்தனை வெளிச்சத்தில் திரை வெளுத்துப்போயிற்று. விமானத்தை வேறு நெகட்டிவிலிருந்து பின்னால் பிரிண்டில் சேர்த்தார். இதைச் சொல்லி, படம் பொய் என்று வாதிட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஊர், அந்தத் திரையரங்கு, அந்த ரயில், அந்த நேரம் எல்லாம் உண்மை. கண்ணால் ஒருசேரப் பார்த்ததைக் கேமராவால் ஒருசேரப் பிடிக்க முடியாத காலம் அது. ஆளை நிறுத்தியும் விளக்கு வைத்தும் எடுத்த படம் என்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

அவரை வரலாற்றாசிரியர் என்றே நான் எண்ணுவதற்குக் காரணம் வேறு. இன்ஜினை மட்டும் எடுத்தவர்களின் படத்தில் இன்ஜின் மட்டும்தான் இருக்கிறது. லிங்க்கின் படத்தில் அதோடு வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். லூரே ஊரில் பிள்ளைகள் ஓடையில் குளிக்க, தலைக்குமேல் பாலத்தில் ரயில் போகிறது. லிதியாவில் ஒரு வீட்டுக் கூடத்தில் குடும்பம் உட்கார்ந்திருக்க, ஜன்னலுக்கு வெளியே ரயில். நார்த்ஃபோர்க்கில் கடைத்தெருவும் தண்டவாளமும் ஒன்றே. கரியும் நீராவியும் போனால் இந்த வாழ்க்கையும் போய்விடும் என்று அறிந்தே எடுத்திருக்கிறார். ஒவ்வொரு படத்துக்கும் இடம், தேதி, ரயில் எண் குறித்து வைத்தார். பிற்கால ஆய்வாளர்களுக்கு அது பெரிய வரம்.

அபிங்டன் கிளைப்பாதையைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. பிரதான பாதையின் ராட்சச இன்ஜின்கள் அங்கே நுழையாது. 1906–07இல் செய்த சின்ன இன்ஜின் ஒன்று சரக்கு வண்டியையும் பயணிகள் பெட்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, மரப்பாலம் மரப்பாலமாகத் தாண்டி, 3,577 அடி உயரத்தில் ஒயிட் டாப் நிலையத்துக்கு ஏறும். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘வர்ஜீனியா க்ரீப்பர்’. வழியில் கிரீன் கோவ் என்ற சிறு நிலையம். 1956 அக்டோபரில் லிங்க் அங்கே எடுத்த பகல் படத்தில், சுமைவண்டியில் பூட்டிய மாட் என்ற கிழட்டு வெள்ளைக் குதிரை தலையைத் தாழ்த்தி நிற்க, பின்னால் ரயில் வருகிறது. மின்விளக்குப் படங்களைவிட எனக்கு இது ஒருபடி மேல். வெளிச்சத்தின் வித்தை எதுவும் இல்லாமலே அவர் கண் எப்படிப்பட்டது என்று காட்டுகிறது. அடுத்த ஆண்டே அந்தப் பாதையில் நீராவி நின்றது. பிறகு தண்டவாளத்தையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அது சைக்கிள் பாதை. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் மேற்பகுதிப் பாலங்களை அடித்துக்கொண்டு போனது.

படம் போதாது என்று ஒலிநாடாக் கருவியையும் மலைக்குக் கொண்டுபோனார் லிங்க். 1957 கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி ரூரல் ரிட்ரீட் என்ற ஊரில் தேவாலய மணியில் கிறிஸ்துமஸ் பாடல்களை இசைக்க ஏற்பாடு செய்தார். அந்த இசைக்கு நடுவே பர்மிங்ஹாம் ஸ்பெஷல் ரயில் தூரத்தில் விசிலடித்து, நிலையத்தில் நின்று, மூச்சு வாங்கிப் புறப்பட்டு மறைவது வரை பதிவாகியிருக்கிறது. ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 31 அன்று, அந்த ரயிலை நீராவி இன்ஜின் இழுத்த கடைசி ராத்திரி. அதையும் அவர் படமெடுத்தார்.

மேட்டில் தோற்றதால் நீராவி போனது என்று நினைத்துவிடக் கூடாது. 1952இல் ஜெனரல் மோட்டார்ஸின் நான்கு யூனிட் டீசலையும் ரோனோக் இன்ஜின்களையும் அதே பாதையில் ஓட்டி ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறத்தாழ சமம். தோல்வி வேறு இடத்தில் நடந்தது. மற்ற கம்பெனிகள் நீராவியைக் கைவிட்டதும் பம்பு, வால்வு, அளவுமானி செய்த தொழிற்சாலைகள் மூடப்பட்டன. கரி நிரப்ப, தண்ணீர் நிரப்ப, சாம்பல் அள்ள, பாய்லர் கழுவ ஆள் வேண்டும். கூலி ஏறிக்கொண்டே போனது. நீராவி டர்பைனால் மின்சாரம் எடுத்து ஓடும் ‘ஜான் ஹென்றி’ என்ற இன்ஜினை 1954இல் வரவழைத்துக் கடைசி முயற்சியும் செய்து பார்த்தார்கள். பழுது மேல் பழுது. 1955இல் டீசலுக்கு ஆர்டர் போனது. 1958இல் ஸ்டூவர்ட் சாண்டர்ஸ் தலைவரானதும் மாற்றம் வேகம் பிடித்தது. 1960 மே மாதத்தோடு அந்தப் பாதைகளில் நீராவிச் சேவை முடிந்தது.

லிங்க்கின் படங்களுக்கு மதிப்பு கிடைக்க இன்னும் இருபது ஆண்டுகளுக்குமேல் ஆனது. 1980களில் அருங்காட்சியகங்கள் அவற்றைக் கண்காட்சிக்கு வைத்தன. 1987இல் முதல் புத்தகம் வந்தது. 2001 ஜனவரியில் அவர் இறந்தார். ரோனோக் பழைய ரயில் நிலையத்தில் 2004இல் அவர் பெயரில் அருங்காட்சியகம் திறந்தார்கள். ‘ஏ’ வகையில் ஒன்றும், ‘ஜே’ வகையில் 611ஆம் எண் இன்ஜினும் அதே ஊரின் போக்குவரத்து அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தன. புளூ ரிட்ஜ் மேட்டில் தோள் கொடுத்துத் தள்ளிய வகையில் கடைசியாகக் கட்டிய 30 ‘ஒய்-6பி’ இன்ஜின்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாம் பழைய இரும்பு விலைக்குப் போயின.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வாஷிங்டனிலிருந்து ரோனோக் காரில் சுமார் நாலு மணி நேரம். பேரக்குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். படங்களைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், லிங்க்கின் ஒலிப்பதிவுகளைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். மேட்டில் ஏறும் நீராவி இன்ஜின் எப்படியிருக்கும் என்பதில் பாதியை அவைதான் சொல்லும்.

(தொடரும்)