கீரை கேன்டீனுக்குப் போன கதை

வளாகத்துல உணவுத் திருவிழான்னா ஏதோ இப்ப வந்த ஃபேஷன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகப் பண்ணையில் இலையுதிர் காலத்தில் அறுவடைத் திருவிழா நடத்துவார்கள். அதன் வேரைத் தேடிப் போனால் 1967-ல் போய் நிற்கிறது.

பல்கலைக்கழகம் தொடங்கி இரண்டே வருஷம். தத்துவப் பேராசிரியர் பால் லீயின் முயற்சியில், ஆலன் சாட்விக் அங்கே தோட்டம் போட வந்தார். இங்கிலாந்துக்காரர், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தவர். இடமோ செங்குத்தான சரிவு. ரசாயன உரம் இல்லை. மாணவர்களோடு மண்ணை ஆழமாக வெட்டி, மக்கு உரம் போட்டு, செடிகளை நெருக்கி நட்டார். பூத்த பூக்களை எல்லாருக்கும் சும்மாவே கொடுத்தார்.

சில வருஷங்களில் அவர் கிளம்பிவிட்டார். வளாகத்திலேயே பெரிய பண்ணை ஒன்று உருவாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இயற்கை வேளாண்மை கற்றுப் போனார்கள்.

ஆனா ஒரு விஷயம் உறுத்துது. பண்ணையின் விளைச்சல் அதே வளாகத்து கேன்டீனுக்கு முறையாகப் போகத் தொடங்கியது 2004-க்குப் பிறகுதான்! அதுவரை சமையல் வெளி ஒப்பந்ததாரர் கையில். மாணவர்களும் சமையல் ஊழியர்களும் சேர்ந்து போராடின பிறகுதான் பல்கலைக்கழகமே அதை எடுத்து நடத்தியது. ஊழியர்களுக்கும் பல்கலைக்கழக வேலை கிடைத்தது. அப்புறம்தான் உள்ளூர் இயற்கைக் காய்கறிக்கு வழி பிறந்தது.

திருவிழா ஒருநாள் கூத்து. மிச்ச நாளெல்லாம் காய்கறி யாரிடம் வாங்குகிறார்கள், சமைப்பவருக்கு என்ன சம்பளம்? நான் இனிமே அதைத்தான் முதல்ல கேட்பேன்.