வேருக்கடியில் நடக்கும் கொடுக்கல் வாங்கல்: புல்வெளியும் வேர்ப்பூஞ்சையும்

1880-களின் தொடக்கத்தில் பிரஷ்ய அரசுக்கு ஓர் ஆசை வந்தது. பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் நல்ல விலைக்கு விற்று வந்த ட்ரஃபிள் காளானைத் தங்கள் காடுகளிலும் விளைவிக்க வேண்டும் என்பதுதான் அது. ட்ரஃபிள் மண்ணுக்கு அடியில், மர வேர்களை ஒட்டி விளைவது. அதைப் பயிர் செய்ய வழி உண்டா என்று கண்டறியும் பொறுப்பு, பெர்லின் வேளாண் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க்கிடம் வந்தது.

ட்ரஃபிள் சாகுபடி கைகூடவில்லை. ஆனால் காட்டு மரங்களின் வேர்களைத் தோண்டிப் பார்த்தபோது அவர் கண்ணில் வேறொன்று பட்டது. வேர் நுனிகளை ஒரு பூஞ்சை உறை போல மூடியிருந்தது. அது நோய் என்றால் மரம் வாடியிருக்க வேண்டும். மரங்களோ செழிப்பாக நின்றன! 1885-ல் ஃபிராங்க் தன் முடிவை வெளியிட்டார். பூஞ்சை மரத்தைத் தின்னவில்லை, மண்ணிலிருந்து நீரையும் சத்தையும் எடுத்து மரத்துக்கு ஊட்டுகிறது என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் 'மைக்கோரைசா'. கிரேக்க மொழியில் 'பூஞ்சை வேர்' என்று பொருள். தமிழில் வேர்ப்பூஞ்சை என்கிறோம்.

அறிவியல் உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பூஞ்சை என்றாலே பயிரை அழிக்கும் நோய் என்று நினைத்த காலம் அது. அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சம் நடந்து நாற்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஃபிராங்க் விடவில்லை. பைன் நாற்றுகளைச் சூடேற்றி உயிர் நீக்கிய மண்ணிலும் சாதாரண மண்ணிலும் வளர்த்துக் காட்டினார். பூஞ்சை இருந்த மண்ணில்தான் நாற்றுகள் நன்றாக வளர்ந்தன. 1900-ல் அவர் இறந்தபோதும் வாதம் முடிந்திருக்கவில்லை.

புல்லுக்குள் ஒளிந்திருந்த பூஞ்சை

ஃபிராங்க் பார்த்தது மரங்களின் வேரை வெளியிலிருந்து மூடும் வகை. புல்லின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் அப்படி எந்த உறையும் தெரியாது. புற்களிலும், குளோவர், குதிரை மசால் போன்ற பயறுவகைத் தீவனச் செடிகளிலும் இருப்பது வேறு வகை. அது வேரின் செல்களுக்குள்ளேயே குடியிருக்கிறது. வேருக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும்.

ஜாவா தீவில் பல வகைத் தாவரங்களின் வேர்களை ஆராய்ந்த டச்சு அறிஞர் யான்சே, 1897-ல் வேருக்குள் பூஞ்சை உண்டாக்கும் சிறு பைகளை விவரித்தார். 1905-ல் பிரெஞ்சு அறிஞர் கல்லோ, செல்லுக்குள் குட்டி மரம் போலக் கிளைத்து நிற்கும் அமைப்பைக் கண்டு அதற்கு 'ஆர்பஸ்கியூல்' என்று பெயரிட்டார். செடியும் பூஞ்சையும் பண்டமாற்று செய்து கொள்ளும் இடம் அதுதான். ஆனால் அப்படி ஒரு வியாபாரம் நடப்பதை நிரூபிக்க இன்னும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

ஒரே ஊரில் இரண்டு கதைகள்

இங்கிலாந்தில் ராதாம்ஸ்டட் என்ற இடம் வேளாண் வரலாற்றில் புகழ் பெற்றது. அதன் உரிமையாளர் ஜான் பென்னட் லாஸ், 1842-ல் சூப்பர் பாஸ்பேட் தயாரிப்புக்குக் காப்புரிமை பெற்றவர். மண்ணில் எளிதில் கரையாத மணிச்சத்தை அமிலம் சேர்த்துக் கரையும் உரமாக மாற்றும் முறை அது. 1843-ல் அங்கே ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். 1856-ல் உலர்தீவனத்துக்காகப் புல் அறுக்கும் ஒரு புல்வெளியைப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு உரம் இட்டுப் பார்த்தார்கள். 'பார்க் கிராஸ்' என்னும் அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது.

உரம் இட்ட பாத்திகளில் புல் அதிகம் விளைந்தது. ஆனால் விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. உரமே இடாத பாத்திகளில் 30-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இருக்க, அமோனியா உரத்தால் மண் மிகவும் புளித்துப்போன பாத்திகளில் இரண்டு மூன்று இனங்களே மிஞ்சின.

சுமார் நூறு ஆண்டுகள் கழித்து அதே ராதாம்ஸ்டட்டுக்கு பார்பரா மோஸ் என்ற பெண் விஞ்ஞானி வந்தார். அதற்கு முன் கென்ட் பகுதியில் ஈஸ்ட் மாலிங் பழ ஆய்வு நிலையத்தில் இருந்தபோது, 1953-ல் ஸ்ட்ராபெர்ரி வேருக்குள் இருக்கும் பூஞ்சையை மண்ணில் கிடக்கும் அதன் வித்துத் திரள்களோடு தொடர்புபடுத்திக் காட்டியிருந்தார். 1957-ல் பூஞ்சை ஏற்றிய ஆப்பிள் நாற்றுகள் மற்றவற்றைவிட நன்றாக வளர்வதையும் வெளியிட்டார். இந்தப் பூஞ்சை சாதாரண ஆய்வுக்கூடத் தட்டில் வளராது. உயிருள்ள வேர் வேண்டும். அதனால்தான் அதைத் தனியாகப் பிரித்துச் சோதிப்பது அவ்வளவு கடினமாக இருந்தது.

லாஸ் தொழிற்சாலையில் தேடிய விடையைப் புல் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே மண்ணுக்குள் வைத்திருந்தது என்பதுதான் மோஸ் காலத்து ஆராய்ச்சிகள் சொன்ன செய்தி.

வியாபாரம் நடப்பது எப்படி?

மணிச்சத்து மண்ணில் நகராத சத்து. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சியவுடன் அந்த இடம் காலியாகிவிடும். அதற்கு அப்பால் சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. பூஞ்சையின் இழைகள் வேரைவிடப் பல மடங்கு மெல்லியவை. வேர் நுழைய முடியாத சந்துகளில் நுழைந்து, சில சென்டிமீட்டர் தூரம் சென்று, மணிச்சத்தைக் கொண்டு வந்து தருகின்றன.

இலவசமாக அல்ல! செடி தான் தயாரித்த கரிமத்தில் 4 முதல் 20 சதவீதம் வரை பூஞ்சைக்குக் கொடுக்கிறது. சர்க்கரை மட்டும்தான் போகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். கொழுப்பும் போகிறது என்று 2017-ல் தெரிந்தது. 2011-ல் டோபி கியர்ஸ் குழுவினர், குதிரை மசாலின் உறவான ஒரு செடியை வைத்துச் செய்த சோதனையில், அதிக மணிச்சத்து தரும் பூஞ்சைக்குச் செடி அதிகக் கரிமம் தருவதையும், அதிகக் கரிமம் தரும் வேருக்குப் பூஞ்சை அதிக மணிச்சத்து தருவதையும் கண்டனர். ஏமாற்றுகிறவருக்கு இந்தச் சந்தையில் இடம் குறைவு.

குளோவர் போன்ற தீவனச் செடிகளுக்கு இதில் இரட்டை லாபம். அவற்றின் வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்க நிறைய மணிச்சத்து தேவை. பூஞ்சை மணிச்சத்தைத் தர, முடிச்சு தழைச்சத்தைத் தர, ஆட்டுக்கும் மாட்டுக்கும் புரதம் மிகுந்த தீவனம் கிடைக்கிறது. 1970-களில் மோஸும் ஹேமனும் சத்துக் குறைந்த மலைப்புல்வெளிகளில் வெள்ளைக் குளோவருக்குப் பூஞ்சை ஏற்றியபோது விளைச்சல் கூடியது.

மணிச்சத்தைத் தாராளமாகக் கொட்டினால் என்ன ஆகும்? செடி கணக்குப் பார்க்கிறது. கையருகே கிடைப்பதற்கு எதற்குக் கூலி? வேரில் பூஞ்சையின் அளவு குறைந்துவிடுகிறது.

கான்சாஸ் கற்றுத் தந்த பாடம்

பூஞ்சை இருந்தால் புல்வெளியில் பல வகைச் செடிகள் வாழும் என்று 1987-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கிரைம் குழுவினர் தொட்டிச் சோதனையில் காட்டினர். 1998-ல் வான் டெர் ஹைடன் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போய், பூஞ்சை வகைகள் கூடக் கூடத் தாவர வகைகளும் விளைச்சலும் கூடுகின்றன என்றனர்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவிலிருந்து நேர்மாறான செய்தி வந்தது. கான்சாஸ் மாநிலத்தின் கொன்சா புல்வெளியில் ஹார்ட்னெட்டும் வில்சனும் 5 ஆண்டுகள் பூஞ்சைக்கொல்லி ஊற்றி வேர்ப்பூஞ்சையை அடக்கிப் பார்த்தனர். தாவர வகைகள் குறையவில்லை, கூடின!

யார் சொல்வது சரி? இரண்டும் சரிதான். கொன்சாவில் ஆட்சி செய்வது பிக் புளூஸ்டெம் போன்ற ஆளுயரப் புற்கள். கோடையில் வளரும் இவை பூஞ்சை இல்லாமல் தலையெடுக்கவே முடியாதவை. பூஞ்சை போனதும் பெரியவர்கள் தளர்ந்தார்கள், அடங்கிக் கிடந்த சிறு செடிகள் எழுந்தன. ஷெஃபீல்டு சோதனையில் முன்னணியில் இருந்த புல்லுக்குப் பூஞ்சை அவ்வளவு தேவையில்லை, சிறு பூச்செடிகளுக்கே தேவை. ஆகவே பூஞ்சை எல்லோருக்கும் நண்பன் என்றோ எதிரி என்றோ சொல்ல முடியாது. யாரைத் தாங்குகிறது என்பதைப் பொறுத்தே புல்வெளியின் முகம் மாறுகிறது.

இந்த ஆளுயரப் புல்வெளிகளில் இன்று எஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. 1837-ல் ஜான் டியர் செய்த எஃகுக் கலப்பை வந்தபின் அவை கோதுமை வயல்களாகவும் சோள வயல்களாகவும் மாறின. உழுதபோது மேலே இருந்த புல் அழிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. கீழே அறுந்த பூஞ்சை வலை தெரியவில்லை. இன்று அந்த நிலங்களை மீண்டும் புல்வெளியாக்க முயல்பவர்கள், விதை மட்டும் போதாது, பழைய புல்வெளி மண்ணின் பூஞ்சையும் வேண்டும் என்று கண்டிருக்கிறார்கள்.

பாக்கெட்டில் வரும் பூஞ்சை

இப்போது வேர்ப்பூஞ்சை கடைச் சரக்கு. தமிழ்நாட்டில்கூட 'வேம்' என்ற பெயரில் உயிர் உரமாகக் கிடைக்கிறது. ஆனால் எல்லா நிலத்திலும் ஒரே பலன் இல்லை. சுவிட்சர்லாந்தில் 54 மக்காச்சோள வயல்களில் செய்து 2023-ல் வெளியான ஆய்வில், சில வயல்களில் வளர்ச்சி 40 சதவீதம் வரை கூடியது, சிலவற்றில் 12 சதவீதம் வரை குறைந்தது. நோய்ப்பூஞ்சைகள் மிகுந்த மண்ணில்தான் பலன் அதிகம். மண்ணைச் சோதிக்காமல் பாக்கெட்டை வாங்குவது, கணக்கேட்டைப் பார்க்காமல் கடையை வாங்குவது போலத்தான்.

இருந்தாலும் இந்த ஆராய்ச்சியை ஒதுக்கிவிட முடியாது. சூப்பர் பாஸ்பேட்டுக்கு மூலப்பொருள் பாஸ்பேட் பாறை. உலகில் அறியப்பட்ட இருப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மொராக்கோவிலும் மேற்கு சஹாராவிலும் இருக்கிறது. மற்ற நாடுகள் பெரும்பாலும் வாங்கித்தான் ஆகவேண்டும். விலை ஏறும்போது முதலில் உரத்தைக் குறைப்பவர் சிறு விவசாயி. தன் நிலத்து மண்ணில் ஏற்கனவே கிடக்கும் மணிச்சத்தை எடுத்துத் தரும் கூலியாள் ஒருவர் அதே மண்ணில் இருக்கிறார் என்றால், அவரை உழவாலும் அளவு மீறிய உரத்தாலும் விரட்டாமல் இருப்பதே அந்த விவசாயிக்கு முதல் சேமிப்பு.

ட்ரஃபிள் தேடப் போன ஃபிராங்க், பிரஷ்ய அரசுக்கு ஒரு காசு வருமானமும் கொண்டு வரவில்லை. அவர் கொண்டு வந்ததன் மதிப்பைத்தான் உலகம் இன்றும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது.