குறுக்குத் திருகாணி

திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கு நடுவே, பந்தோபஸ்து போலீஸ்காரர் தோளில் தொங்கிய .303 துப்பாக்கியைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். 1953இல் ஆந்திராவோடு போன ஊர் இது, ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. எல்லை எங்கே நகர்ந்தாலும் இரு பக்கத்துப் போலீசுக்கும் அதே .303தான்.

இந்தியாவில் அதைச் செய்தது வங்காளத்து இச்சாப்பூர். 1787இல் வெடிமருந்து ஆலை தொடங்கிய இடம். 1904இல் துப்பாக்கி ஆலை வந்தது. வெள்ளைக்காரன் வரைபடத்தைப் பார்த்து அப்படியே செய்தார்கள், அவ்வளவுதானே என்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். கட்டையைப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

வெடிக்கும்போது இரும்பு பின்னால் உதைக்கிறது. அந்த உதையை வாங்குவது முன்கட்டையின் பின்முனையில் உள்ள இரண்டு சிறிய முகங்கள். இரண்டிலும் இரும்பு சமமாக உட்கார வேண்டும். ஒன்றில் மயிரிழை இடைவெளி விழுந்தாலும் குறி சிதறும்; நாளாவட்டத்தில் கட்டையே பிளக்கும். அதனால் இரும்பில் சாயம் தடவி, கட்டையில் பொருத்தி, கழற்றி, சாயம் ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டி, மறுபடி பொருத்திப் பார்ப்பார்கள். தச்சர் கதவை நிலையில் பொருத்துகிற மாதிரிதான். ஆனால் அவசரப்பட்டு ஒரு சீவல் அதிகமாக எடுத்தால் கட்டை போச்சு. துப்பாக்கியில் ஆலை முத்திரை இருக்கும், ஆண்டு இருக்கும், வரிசை எண் இருக்கும். இந்தச் சுரண்டலைச் செய்த கைக்குப் பெயர் கிடையாது.

மரமோ மழையில் ஊதும், சித்திரை வெயிலில் சுருங்கும். ஆளிவிதை எண்ணெய் ஊட்டினாலும் ஓரளவுக்குத்தான் தாங்கும். ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலையில் உள்ளூர் மரம் மென்மையானது என்று உதை வாங்கும் இடத்தில் செப்புத் தகடு பதித்தார்கள். இச்சாப்பூர்க்காரர்கள் மரம் பிளக்காமலிருக்க முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணியை முறுக்கிவிட்டார்கள். அழகாக இருக்காதுதான். ஆனால் இன்று மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்தத் திருகாணியைப் பார்த்தே இது இந்தியாவில் இருந்த துப்பாக்கி என்று சொல்லிவிடுகிறார்கள்.

1962 சீனப் போருக்குப் பின் 7.62 மி.மீ. தோட்டாவுக்காக 2ஏ, 2ஏ1 துப்பாக்கிகள் வந்தன. இரும்பைப் பலமாக்கினார்கள், 12 தோட்டா மேகசின் வைத்தார்கள். கட்டை மட்டும் பழைய .303 கட்டைதான், குறுக்குத் திருகாணியோடு. பிறகு இச்சாப்பூரிலும் நம் திருச்சி ஆலையிலும் இன்சாஸ் வந்தது. அதற்குப் பிளாஸ்டிக் கட்டை.