எஃகு என்னும் சொல்லும் நீலகிரியின் படைக்கலங்களும்

தமிழ் நெடுங்கணக்கைக் கற்கத் தொடங்கும் குழந்தைக்கு மூன்று புள்ளி எழுத்தை அறிமுகம் செய்யும் பொருட்டு அரிச்சுவடிகள் பெரும்பாலும் எடுத்துக்காட்டும் சொல் எஃகு. அவ்வெழுத்திற்கு ஆய்தம் என்று பெயர். நுணுக்கத்தைக் குறிக்கும் ஆய்தல் என்பதோடு உறவுடைய பெயர் அது. பள்ளிக்கூட வழக்கிலோ அது ஆயுத எழுத்தாகி, கேடயத்தின் முகத்திலுள்ள மூன்று குமிழ்களைப் போன்றதாகையால் அப்பெயர் பெற்றது என்று ஒரு காரணமும் கற்பிக்கப்பட்டுவிட்டது. இலக்கணம் வல்லோர் இதனைப் பிழையென்று தள்ளுவர், தள்ளுவது நியாயமே. ஆயினும் அப்பிழையில் ஒரு வேடிக்கை உண்டு. ஆய்தம் ஆயுதமன்று, ஆய்தத்திற்கு உதாரணமாக நிற்கும் எஃகோ, பழந்தமிழில் ஆயுதமேயாகும்.

சங்கச் செய்யுட்களில் எஃகு என்று வருமிடமெல்லாம் ஓர் உலோகத்தின் பெயராகவே அதனைக் கொள்ளப் புகுவோர் இடர்ப்படுவர். வீரன் கையில் ஏந்துவதும், பகைவன் மார்பில் பாய்வதும், களிற்றின் முகத்தைப் பிளப்பதும் எஃகாகச் சொல்லப்படுவதால், அது வேலையோ வேறொரு கூரிய படையையோ சுட்டுகிறது என்று உரைகாரர் பொருள் கூறுவர். எஃகம் என்னும் வடிவமும் அவ்வாறே வேல், வாள் முதலிய படைக்கலங்களுக்குப் பொதுப்பெயராய் வழங்கும். செல்வம் பகைவரின் செருக்கை அறுக்கும் என்று சொல்ல வந்த வள்ளுவரும், அதனினும் கூரியதொரு படை வேறில்லை என்னும் கருத்துக்கு இச்சொல்லையே ஆண்டார். கூர்மை என்றும் இதற்கு அகராதிகள் பொருள் தரும். பஞ்சை விரலாற் பிரித்துப் பன்னுதலுக்கு எஃகுதல் என்று பெயர் இருந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆகவே கூரிய கருவிக்கு உரிய பெயர் நாளடைவில் அக்கருவிக்கு ஏற்ற உலோகத்தின் பெயராய் நிலைத்தது என்பது என் அபிப்பிராயம். உலோகத்தின் பெயர் கருவிக்கு ஆகிவருவது எங்கும் காணும் வழக்கு; இங்கே சொல் நடந்த திசை மாறியிருக்கிறது.

உலோகத்தைச் செய்தவர் வாயில் வழங்கிய பெயர் வேறாகவும் இருந்தது. உருக்கு என்பது அது. மலையாளத்தில் இன்றும் உருக்கு என்பதே வழக்கு. கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு. எஃகு என்பது படையைப் பிடித்தவனும் அவனைப் பாடிய புலவனும் இட்ட பெயராகவும், உருக்கு என்பது உலைக்களத்தில் வெந்தவன் இட்ட பெயராகவும் எனக்குத் தோன்றுகின்றன. அவனுடைய தொழில்முறையைச் சேலம் பகுதியில் கண்டு எழுதியவர், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்திய ஹீத் என்னும் ஆங்கிலேயர். தேனிரும்புத் துண்டுகளை ஆவாரங் கட்டையின் சிறு சில்லுகளோடு மண் மூசையில் இட்டு, மேலே எருக்கிலைகளைப் பரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்து, பல மூசைகளை ஒன்றாக உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் துருத்தி ஊத, கட்டையிலும் இலையிலும் இருந்த கரி இரும்பிற் சென்று கலந்து, ஆறியபின் மூசையை உடைத்தால் உருக்குக் கட்டி கிடைக்கும். நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு கரி கொண்ட இவ்வுருக்கே, மேற்காசியக் கொல்லரின் கையில் அலையலையாய் வரியோடும் டமாஸ்கஸ் வாளாக மாறியது. நொய்யற்கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தவர்கள் உலைகளையும் மூசைகளையும் கண்டெடுத்தபின், இத்தொழில் சங்க காலத்திலேயே கொங்குநாட்டில் நடந்தது என்பதற்குச் சான்று தேடி ஏடுகளைப் புரட்ட வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று.

கடல் கடந்தும் இப்பொருள் நெடுங்காலமாய்ச் சென்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்புளூஸ் என்னும் கடல்வழி நூல், செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலிருந்த அதூலிஸ் துறைமுகத்தில் இந்திய இரும்பும் உருக்கும் இறங்கியதைக் கூறுகிறது. அந்நூல் அதற்கு அடுத்தாற்போல் வருணிக்கும் கரையே இன்றைய சோமாலியர் நாடு. கொம்பினாற் செய்த பிடியும் இலை வடிவான இருபுறக் கூரும் உடைய பில்லாவே என்னும் குறுவாளை இடையிற் செருகி நடந்த அந்நாட்டினரும் இவ்விந்துமாக்கடல் வாணிகத்தின் உறவினரே. அரபுமொழியிலோ இந்திய இரும்பால் ஆகிய வாளுக்கு முஹன்னத் என்றே ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது.

ஐரோப்பாவிற்கு இச்சொல் போன விதம் சிறிது அவமானகரமானது. பம்பாயிலிருந்த ஹெலனஸ் ஸ்காட் என்னும் வைத்தியர் லண்டன் ராயல் சங்கத்தின் தலைவரான ஜோசப் பாங்க்ஸுக்கு இவ்வுருக்கின் மாதிரிகளை அனுப்ப, அவற்றை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் அச்சங்கத்தின்முன் ஒரு கட்டுரை படித்தார். உக்கு என்னும் கன்னடச் சொல்லை ஆங்கில எழுத்தில் 'வூக்' என்று எழுதப்போக, ஈற்றெழுத்துப் பிழைபட்டு 'வூட்ஸ்' ஆயிற்று என்பது ஆங்கில அகராதிக்காரர் கருத்து. மைக்கேல் ஃபாரடே போன்ற மகாமேதை அதன் இரகசியத்தை அறியப் பல பரிசோதனைகள் செய்தார். பெயரின் பிழையைத் திருத்துவார் ஒருவரும் இல்லை. நம்மவருள் சிலர் இன்று அப்பிழையையே திரும்ப இறக்குமதி செய்து 'ஊட்ஸ் எஃகு' என்று தமிழில் எழுதுகின்றனர். இது எனக்குச் சற்றும் உடன்பாடன்று. உருக்கு என்று சொல்ல நமக்கு ஒரு சொல் இருக்கிறது.

இனி மலைக்கு வருவோம். கொங்குச் சமவெளியிலிருந்து பார்ப்பவர்க்கு நீலச் சுவராய் நிற்கும் நீலகிரியின் முகடுகளில், வட்டமாய் அடுக்கிய கற்குவைகள் பலவிடங்களில் உள்ளன. அவை பழங்காலத்தார் இறந்தோரின் எலும்பையும் சாம்பலையும் இட்ட ஈமச் சின்னங்கள். கல்கத்தா அருங்காட்சியகத்தாரின் வேண்டுகோளை ஒட்டி இம்மலைக்குடிகளின் ஆயுதங்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும், கற்குவைகளிற் கிடைக்கும் பழம்பொருள்களையும் சேகரிக்குமாறு சர்க்கார் உத்தரவிட, அப்பணியை மேற்கொண்டவர் நீலகிரியின் முதற் கமிஷனரான ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். 1872இல் அவர் உதகையில் இறந்தபின், மறு ஆண்டில் அவருடைய நூல் வெளியாயிற்று. உதகையிலுள்ள பிரீக்ஸ் பள்ளி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் திறந்த குவைகளில் ஈட்டி முனைகளும், அம்பு முனைகளும், குத்துவாள்களும், அரிவாள்களும், வெண்கலக் கிண்ணங்களும், எருமை முதலிய விலங்குருவங்கள் மூடியின்மேல் அமர்ந்த மட்பாண்டங்களும் கிடைத்தன. இம்மலைக் குவைகளிற் கிடைத்த பொருள்கள் சென்னை மியூசியத்திலும் பிரிட்டிஷ் மியூசியத்திலும் உள்ளன. படையும் அரிவாளும் ஒரே குழியிற் கிடந்தன என்பதை நான் விசேஷமாகக் கருதுகிறேன். அரிவாள் என்னும் பெயருக்குள் வாள் இருக்கிறது, கொடுவாளுக்குள்ளும் இருக்கிறது. கதிர் அறுப்பதும் கழுத்தறுப்பதும் தமிழ்க் கொல்லனுக்கு ஒரே உலைவேலைதான்.

இம்மலைக்குப் படை வந்த செய்தி கல்வெட்டில் ஏறியது கி.பி. 1117இல். ஹொய்சள விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகனான புணிசன், தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றியதாகச் சாமராஜநகரிலுள்ள சாசனம் பெருமை பேசுகிறது. தோடர் எருமை மேய்ப்போர். அவரை அச்சுறுத்துவதற்கு ஒரு தண்டநாயகன் வேண்டியிருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

இம்மலையின் கொல்லர் கோத்தர். ஏழே ஊர்களில் வாழும் இச்சிறு சமூகத்தார் கொல்லராய், தச்சராய், இசைவாணராய் இருந்து, அவர்தம் பெண்டிர் மட்கலம் வனைய, மலையின் பிற குடிகளான படகருக்கும் தோடருக்கும் குறும்பருக்கும் வேண்டியன செய்துகொடுத்துத் தானியமும் நெய்யும் பெற்றுவந்தனர். சமவெளிச் சந்தையிலிருந்து வந்த இரும்பே அவர்கள் கையில் கோடரியாகவும், கொத்தாகவும், அரிவாளாகவும் ஆயிற்று. குன்னூரிலிருந்து வடகிழக்கே போகும் சாலையில் உள்ள கோத்தகிரிக்கு அவர்களாலேயே பெயர் வந்தது. கோத்தர்கேரி, அதாவது கோத்தர் தெரு என்பதே அதன் மூலம். வடமொழி மோகம் கேரியைக் கிரியாக்கிவிட்டது. மலைமேல் இருக்கும் ஊருக்குக் கிரி என்னும் ஈறு பொருந்திவிட்டமையால் ஒருவருக்கும் சந்தேகம் எழவில்லை. தெருவொன்று மலையாக உயர்ந்ததை வளர்ச்சி என்பாரும் உளர். கொல்லன் தெரு மறைந்ததே என்பது என் வருத்தம்.

கோத்தர் செய்த படைக்கலங்களுள் வினோதமானது தோடருக்குக் கொடுத்த வில்லும் அம்பும். தோடர் வேட்டையாடுவதில்லை, புலால் உணவும் அவர்க்கு இயல்பன்று. ஆயினும் ஆடவன் இறந்தால் உடலோடு எரிக்க ஒரு வில் வேண்டும். அதனைக் கோத்தரிடமிருந்து பெற்றனர். பெண் கருவுற்ற ஏழாம் மாதத்தில் நிகழும் சடங்கிலோ கொல்லனுக்கும் வேலை இல்லை. அடிமரத்தில் மாடம் வெட்டி விளக்கேற்றி, புதர்ச்செடியின் குச்சியை வளைத்து நாண் பூட்டி, புல்லால் ஓர் அம்பு செய்து, கணவன் அவற்றை அவள் கையிற் கொடுப்பான். வில்லைக் கொடுத்தவனே பிறக்கும் குழந்தைக்குத் தந்தை. சகோதரர் பலர் ஒருத்தியை மணந்த அச்சமூகத்தில் தந்தைமையைத் தீர்மானித்தது இவ்வில்லே. இச்சடங்கின் பெயருக்கு 'வில்லைத் தொடுகிறோம்' என்பது பொருள் என்று, 1906இல் தோடரைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட ரிவர்ஸ் எழுதுகிறார். உயிரைப் போக்குவதற்கு ஏற்பட்ட கருவியொன்று இரும்பை முற்றிலும் இழந்து, ஓர் உயிருக்கு உரிமை கோரும் பத்திரமாய் மாறிய இவ்விந்தையை எந்த நிகண்டும் வில்லின் பொருள்களுள் சேர்க்கவில்லை.

மலைமேல் ஆயுதம் இல்லாமற் போய்விட்டது என்று கொள்ளலாகாது. குன்னூருக்கு அருகே அரவங்காட்டில் 1903இல் கார்டைட் தொழிற்சாலை ஏற்பட்டது. பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் வேண்டிய வெடிமருந்து அங்கே உண்டாகிறது. பழைய ஜக்கதளாவாகிய வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையம் இருக்கிறது. அவற்றைச் சூழ்ந்த சரிவுகளெல்லாம் தேயிலை. அங்கே கூர்மையின் ஆட்சி கவாத்துக் கத்தியினுடையது. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை இடுப்பளவிற்கும் கீழே வெட்டித் தறிக்கும் அவ்வேலையில், கத்தி மழுங்கியிருந்தால் கிளை பிளந்து செடி நோய்ப்படும் என்பதால், கவாத்துக்காரர் சாணைக்கல்லைக் கூடவே வைத்துக்கொள்வர். கவாத்து என்று ஒலிக்கும் மற்றொரு சொல், அரபுமொழியின் கவாயித் என்பதிலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்து, தமிழில் படைப்பயிற்சியைக் குறிக்கும். ஆகவே வெலிங்டனில் இன்று கவாத்து நடக்கிறது என்று யாரேனும் சொன்னால், எந்தக் கவாத்து என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.