அடியாள், ஆட்டக்காரர், தொழிலாளி: டெல்டா சேரிகளும் சண்டைக் கலையும்

திருவாரூர், மன்னார்குடி, பாபநாசம் பக்கத்துக் காலனிகளில் சிலம்பத்திலும் கராத்தேயிலும் தொடங்கி, கிக் பாக்சிங் வழியாக எம்.எம்.ஏ. என்னும் கலப்புச் சண்டைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். அவர்களிடம் பேசினால் சில பெயர்கள் தானாக வரும். 2017 நவம்பரில் ஷாங்காயில் யு.எஃப்.சி. கூண்டுக்குள் ஏறிய பரத் கண்டாரே, 2023இல் அதன் ஒப்பந்தத்தை வென்ற அன்ஷுல் ஜூப்லி, 2024 ஜூனில் அங்கே வென்ற முதல் இந்தியப் பெண் பூஜா தோமர். ஆசை நியாயமானது. அதைக் குறை சொல்ல இதை நாங்கள் எழுதவில்லை. ஆனால் நம் உடம்பின் பலத்துக்கு இன்னொருவர் விலை பேசுவது டெல்டாவுக்குப் புதிது அல்ல. அந்தக் கதை தெரியாமல் கூண்டுக்குள் போனால், பழைய கணக்கையே புதிய இடத்தில் எழுதுவோம்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். அடியாள் என்றால் இன்று ரவுடி. பழைய அகராதியில் அதற்குப் பொருள் அடிமை, ஏவல் செய்பவர். தஞ்சாவூர்ச் சீமையில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட பள்ளர், பறையர் மக்களுக்கு ‘அடிமை ஆள்’ என்றுதான் பெயர். 1843இல் ஆங்கிலேய அரசு அடிமை முறையைச் சட்டத்தில் ஒழித்தது. பெயர் பண்ணையாள் என்று மாறியது, கடன் மாறவில்லை. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, தோளில் துண்டு கூடாது, அக்கிரகாரத் தெருவில் நடக்கக் கூடாது. எதிர்த்தால் சாட்டையடி, அதற்கு மேல் சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால். உழவும் நடவும் அறுப்பும் நம் உடம்பின் வேலை, அந்த உடம்பைத் திருப்பிக் காட்டுவது மட்டும் குற்றம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சிலம்பம் பற்றி இணையத்தில் எழுதுகிற பலரும் வெள்ளைக்காரன் அதைத் தடை செய்தான் என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். பாளையக்காரர் போருக்குப் பிறகு 1801இல் ஆயுதங்களைப் பறித்தது உண்மைதான். ஆனால் சேரிக்காரர் கையில் கம்பு இருக்கலாமா கூடாதா என்று கிராமத்தில் தீர்மானித்தது எந்த வெள்ளைக்காரன்? சாவு ஊர்வலத்தில் பறைக்கு முன்னால் கம்பு சுற்றலாம். திருவிழாவில் ஊர் பார்க்கச் சுற்றிக் காட்டலாம். அதே கம்பை வரப்பில் நின்று பண்ணையின் ஆளுக்கு எதிராக ஓங்கினால்? ஆட்டமாக இருக்கும்வரை அனுமதி, தற்காப்பு ஆனவுடன் தண்டனை. சிலம்பத்தின் சாதி வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

இந்தத் தடையை உடைத்தவர்கள் எல்லா இடத்திலும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அய்யன்காளி இளைஞர்களைத் திரட்டித் தற்காப்புப் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் பொதுச் சாலையில் வில்வண்டி ஓட்டினார். பம்பாய் மாகாணத்தில் அண்ணல் அம்பேத்கர் 1920களில் சமதா சைனிக் தளத்தை உருவாக்கினார். அடி விழும் என்று தெரிந்தே உரிமை கேட்கப் போகிறவர்களுக்கு அணிவகுப்பும் ஒழுங்கும் தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கீழத்தஞ்சையில் அது 1943இல் தொடங்கியது. கன்னடம் பேசும் பகுதியிலிருந்து வந்த பி.சீனிவாசராவ், சேரியிலேயே சாப்பிட்டு, சேரியிலேயே படுத்து, விவசாயச் சங்கம் கட்டினார். அவர் சொன்னது சிக்கலான தத்துவம் ஒன்றும் இல்லை. நீங்களும் தாய் பெற்ற மனிதர்கள்தான், உங்களை அடித்தால் நீங்களும் அடிக்கலாம் என்பதுதான். களப்பால் குப்பு போன்ற தலித் தலைவர்கள் அந்தச் சொல்லை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் சாட்டையடியும் சாணிப்பாலும் கூடாது என்று மிராசுதார்கள் கையெழுத்துப் போட நேர்ந்தது. குப்பு 1948இல் திருச்சி சிறையில் இறந்தார். சாவு ஊர்வலத்தில் சுழன்ற கம்பின் நுனியில் அதற்குள் செங்கொடி ஏறிவிட்டது. இடதுசாரிகள் பின்னாளில் சாதியைப் பற்றி எவ்வளவு பேசினார்கள், எவ்வளவு பேசாமல் விட்டார்கள் என்பதில் எங்களுக்கு விமர்சனம் உண்டு. ஆனால் இந்தக் கணக்கில் அவர்களுக்குரியதைக் கொடுக்காமல் இருக்க முடியாது.

பண்ணைகள் சும்மா இருக்கவில்லை. கூலிக்கு அடியாட்களைத் திரட்டின. அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கின. 1960களின் பிற்பகுதியில் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் மிராசுதார்கள் ஒன்று சேர்ந்து, செங்கொடியை இறக்கிவிட்டுத் தங்கள் கொடியை ஏற்றச் சொன்னார்கள். கூடுதலாகக் கேட்கப்பட்டது அரைப்படி நெல். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

1973இல் சென்னை உயர் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோரை விடுதலை செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றை மாணவர்கள் மனப்பாடமே செய்ய வேண்டும். நிறைய நிலமும் வசதியும் உள்ள இப்படிப்பட்டவர்கள், வேலைக்காரர்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினமாம். பணக்காரன் தன் கையால் அடிக்க மாட்டான், அடிப்பதற்கு ஆள் வைத்திருப்பான் என்பது ஊருக்கே தெரிந்த உண்மை. அந்த உண்மையே அவர்களைக் காப்பாற்றும் சாட்சியாக நீதிமன்றத்தில் நின்றது. அடியாள் எதற்கு இருக்கிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எங்களுக்குக் கிடைத்ததில்லை. அடியும் அவனுக்கு, வழக்கும் அவனுக்கு, நிலம் மட்டும் வேறொருவருக்கு.

டெல்டாவில் சண்டை பண்ணையோடு கட்டப்பட்டிருந்த அதே காலத்தில், வடசென்னையில் அது டிக்கெட் விற்கும் விளையாட்டாகிவிட்டது. வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம் பார்த்துக் கற்ற குத்துச்சண்டையைத் துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் தலித்துகளும் இஸ்லாமியர்களும் தமதாக்கிக்கொண்டார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் பிறந்தன. கித்தேரி முத்து ஆங்கிலோ இந்திய வீரர் டெர்ரியோடு மோதியதை வடசென்னைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1980 ஜனவரியில் முகமது அலியே சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த காலம் அது. 2021இல் பா.ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு இந்த வரலாறு தெரிந்தது. அந்தப் படத்தின் பாதிக்கு மேல் ரிங்குக்கு வெளியே நடக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? வென்ற பிறகு அந்த உடம்பு எங்கே போகிறது, யாருக்கு வேலை செய்கிறது என்ற கேள்வி அதில் இருக்கிறது. கட்சிக் கூட்டத்துக்குப் பாதுகாப்பு, சாராய வியாபாரம், மறுபடியும் அடியாள்.

அந்த வடசென்னை மரபிலிருந்து வி.தேவராஜன் 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வரை போனார். அர்ஜுனா விருதும் கிடைத்தது. துளசி ஹெலன் கதை வேறு. சென்னையின் தலித் கிறித்தவக் குடும்பத்துப் பெண், குத்துச்சண்டையில் ஏறி வந்தவர். நார்வே இயக்குநர்கள் இருவர் சில ஆண்டுகள் அவர் பின்னாலேயே போய் எடுத்த ஆவணப்படம் 2013இல் ஆம்ஸ்டர்டாம் விழாவில் விருது பெற்றது. வீட்டில் கல்யாணத்துக்கு நெருக்கடி, விளையாட்டுக் கோட்டாவில் அரசு வேலை கிடைத்தால் தப்பிக்கலாம் என்ற கணக்கு, பாலியல் தொல்லை தந்ததாகச் சங்க நிர்வாகி மீது அவர் கொடுத்த புகார், அதன் பிறகு உள்ளே நீடிக்க முடியாமல் போனது எல்லாம் அதில் இருக்கின்றன. ரிங்குக்குள் எதிராளியின் கை எங்கே இருக்கிறது என்று தெரியும். தேர்வுக் குழு அறையில் தெரியாது. பெண் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புகிற நம் தோழர்கள் அந்தப் படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

கடல் தாண்டிய ஒரு கிளையும் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்களில் தஞ்சை, திருச்சி மாவட்டத்து ஆதிதிராவிட மக்கள் ஏராளம். கம்பு அவர்களோடு போனது, மலேசியாவில் சிலம்பம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1946-47இல் கெடா தோட்டங்களில் ‘தொண்டர் படை’ எழுந்தது. கள்ளுக்கடை மறியல், அணிவகுப்புப் பயிற்சி, துரைமார் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்க மறுப்பது. தோட்ட நிர்வாகத்துக்கு இது பொறுக்குமா? போலீஸ் அதை நசுக்கியது. பட்டுக்கோட்டைப் பக்கம் தம்பிக்கோட்டையில் பிறந்து மலாயாவின் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்குத் தலைவரான கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார்.

அந்த நாட்டிலிருந்துதான் கலப்புச் சண்டையில் நமக்குத் தெரிந்த பெரிய தமிழ்ப் பெயர் வருகிறது. கோலாலம்பூர் செந்தூலில் வளர்ந்த அகிலன் தணி. உடற்பருமனைக் குறைக்கப் பயிற்சிக்குப் போனவர். தோல்வியே காணாமல் ஏறி, 2017 மே மாதம் சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப் பட்டத்துக்கு பென் ஆஸ்க்ரெனோடு மோதினார். முதல் சுற்றிலேயே கழுத்துப் பிடியில் தோற்றார். அதோடு விடவில்லை. 2019இல் ஷாங்காயில் அனுபவம் மிக்க ஜப்பானிய வீரர் அகியாமாவை நடுவர்கள் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பில் வென்றார். அவருடைய சாதியைத் தோண்டி எடுத்து நம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் வேலை நமக்கு வேண்டாம். அந்த வேலையைச் சாதிச் சங்கங்கள் நன்றாகவே செய்கின்றன.

உலகத்தில் இந்த வேலைக்கு யார் உடம்பு கொடுத்தார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் ஒடுக்கப்பட்டவர்கள்தான். அமெரிக்காவில் கறுப்பினச் சிறுவர்களைக் கண்ணைக் கட்டி ஒரே மேடையில் மோதவிட்டு, வெள்ளையர்கள் காசு எறிந்து ரசித்த ஆட்டம் ஒன்று உண்டு. ஜாக் ஜான்சன் அப்படிப்பட்ட கும்பல் சண்டைகளிலிருந்து வந்தவர். 1908இல் உலகச் சாம்பியன் ஆனார். 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் வெள்ளையர்களின் நம்பிக்கையான ஜெஃப்ரீஸை வீழ்த்தினார். அன்று இரவே பல நகரங்களில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டார்கள். ஒருவர் மேடையில் ஜெயித்ததற்குத் தெருவில் இருந்த எல்லோரும் விலை கொடுத்தார்கள். கபடியில் ஜெயித்ததற்காகச் சேரிப் பிள்ளைகள் அடி வாங்கிய செய்திகளைப் படிக்கிற நமக்கு இது அமெரிக்கக் கதையாகத் தெரியாது.

இப்போது காசுக்கு வருவோம், ஏனென்றால் எல்லோரும் இங்கேதான் பேச்சை மாற்றுகிறார்கள். யு.எஃப்.சி. 1993இல் டென்வரில் தொடங்கியது. அங்கே சண்டை போடுகிறவர் ஊழியர் அல்ல, தனி ஒப்பந்ததாரர். மேடை ஏற ஒரு தொகை, ஜெயித்தால் இன்னொரு தொகை. பயிற்சியாளர், மேலாளர், சாப்பாடு எல்லாம் அதிலிருந்துதான். அமெரிக்கக் கூடைப்பந்து, கால்பந்து வீரர்கள் தங்கள் லீக் வருமானத்தில் ஏறக்குறைய பாதியைச் சங்கம் வைத்து வாங்குகிறார்கள். யு.எஃப்.சி. வீரர்களின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே. 2014இல் வீரர்களே ஏகபோகம் என்று வழக்குப் போட்டார்கள். பத்தாண்டு இழுத்து, 37.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

இதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். 1952இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது சாகுபடி செய்கிறவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. 1956 நியாய வாரச் சட்டத்தில் நஞ்சைக்கு அது 60 சதவீதம். சட்டத்தை மிராசுதார்கள் எப்படியெல்லாம் ஏமாற்றினார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் காகிதத்திலாவது 40, 60 என்று எழுத வைத்தார்கள், சங்கம் இருந்ததால். உலகத்தின் மிகப் பெரிய கூண்டில் ரத்தம் சிந்துகிறவருக்கு அந்த 40கூட இல்லை, அங்கே சங்கம் இல்லை.

திருவாரூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் 34 சதவீதம். மாநில சராசரி 20. மூன்றில் ஒருவர் நம்மவராக இருக்கும் மாவட்டத்தில் நிலம் நம்மிடம் இல்லை, பிள்ளைக்குக் கொடுக்கச் சொத்தும் இல்லை. அதனால்தான் உடம்பை முதலாக வைக்கத் துணிகிறோம். அரசு இப்போது சிலம்பத்தை மூன்று சதவீத விளையாட்டு இட ஒதுக்கீட்டில் சேர்த்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாகவும் இருந்தது. நல்லதுதான். சாவு வீட்டில் கம்பு சுற்றிய நம் பெரியவர்களை எந்தச் சங்கமும் ஆசான் என்று பதிவு செய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். சான்றிதழ் கொடுக்கிற சங்கத்தில் யார் நிர்வாகி, நடுவர் மேசையில் யார், நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று உள்ளூர்த் தோழர்கள் கேட்டு எழுதினால் அது ஒரு நல்ல ஆய்வாகவே இருக்கும்.

உள்ளூர் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து யாராவது ஒப்பந்தத் தாளை நீட்டினால், கையெழுத்துக்கு முன்னால் வீட்டில் ஒருவரிடமும் வழக்கறிஞர் தோழர் ஒருவரிடமும் காட்டுங்கள். எத்தனை ஆண்டு கட்டுப்பாடு, வேறு மேடையில் ஏறலாமா, எலும்பு முறிந்தால் மருத்துவச் செலவு யாருடையது, தோற்ற மாதத்துக்கு என்ன கிடைக்கும். பண்ணையில் வருஷக் கூலிக்குப் பேசியபோது நம் தாத்தாக்களுக்குப் படித்துச் சொல்ல ஆள் இல்லை, கைநாட்டு வைத்தார்கள். நீங்கள் படித்தவர்கள், தாளை வாங்கி முழுவதும் படியுங்கள்.