பம்பையா, பாம்பாறா?

எங்கள் வீட்டுக்காரர் வீட்டு ஹாலில் ஒரு மீன் தொங்குகிறது. நிஜ மீன். பாடம் செய்து பலகையில் அறைந்தது. திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து, வாடகை கொடுக்க மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் அது வாயைத் திறந்தபடி என்னைப் பார்க்கும். நானும் பார்ப்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

வீட்டுக்காரரின் அப்பா மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தவர். வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போன மீனாம். போன மழைக்காலத்தில் வால் துடுப்பு ஒடிந்து, செவுள் ஓரமெல்லாம் பூஞ்சை படர்ந்துவிட்டது. "சாரே, இதுகொண்டு எந்து காரியம்?" என்று தூக்கிப் போடப் பார்த்தார். நான்தான் வாய் சும்மா இருக்காமல், கொடுங்கள், சுத்தம் செய்து தருகிறேன் என்று வாங்கி வந்தேன். படித்தது பி.காம்., பார்ப்பது பாங்க் வேலை. மீனுக்கும் எனக்கும் இருந்த சம்பந்தமெல்லாம் குழம்பு வரைக்கும்தான் :-)

வாங்கி வந்த பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். நல்லவேளை, துடைக்கும் முன்பே படித்தேன். அந்தக் காலத்தில் பாடம் செய்பவர்கள் தோலைப் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவுவார்கள். ஆர்சனிக் என்றால் நம் பாஷாணம். நூறு வருஷம் ஆனாலும் அதன் விஷம் போகாது. உங்கள் வீட்டிலோ தாத்தா வீட்டிலோ பழைய மான் தலை, மீன் ஏதாவது இருந்தால் வெறுங்கையால் தட்டித் துடைக்காதீர்கள். கையுறை, முகமூடி அவசியம். குழந்தைகளைப் பக்கத்தில் விடவே வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்தது. மீனின் நிறம் மீனுடையது இல்லை! காய்ந்ததும் தோலின் நிறம் போய்விடும். அதனால் பாடம் செய்பவர் ஞாபகத்திலிருந்து வர்ணம் தீட்டுவார். பெரும்பாலும் சுவரைப் பார்க்கும் பக்கத்தில் தோலே இருக்காது, ஒரு பக்கம்தான். உள்ளே சதைக்குப் பதில் பிளாஸ்டரோ, காகிதக் கூழோ. தலையில் எஞ்சிய எண்ணெய் வருஷக்கணக்கில் கசிந்து மஞ்சளாகும். ஆக நிஜம் என்று இருப்பது தோல், செதில், துடுப்பு, அப்புறம் பலகைக்குப் பின்னால் ஒட்டிய சீட்டு. எந்த ஆறு, எந்த வருஷம், எத்தனை பவுண்டு என்பதெல்லாம் அந்தச் சீட்டில்தான் இருக்கும்.

ஆவலாகப் பலகையைத் திருப்பினேன். புத்தம் புதிய பளபளப்பு. பல வருஷம் முன்பு யாரோ ஆசாரியை வைத்து 'ரிப்பேர்' செய்தார்களாம். பழைய பலகையை உளுத்துவிட்டது என்று அடுப்பில் வைத்துவிட்டு, புதுத் தேக்கில் அறைந்து, மீனுக்கும் தங்க நிற எனாமல் ஒரு கோட் அடித்திருக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு பீரோவுக்கு பெயின்ட் அடித்த கதை. எனக்கு வயிறு எரிந்தது.

ஏன் எரிந்தது என்று சொல்ல வேண்டும். நான் கரூர்க்காரன். அமராவதி ஆற்றங்கரையில் வளர்ந்தவன்.

அந்த மீன் மஹ்சீர். கெண்டைக் குடும்பத்தின் ராட்சசன், கேரளத்தில் குயில் என்பார்கள். மஹ்சீரில் பல வகை. அதில் காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் மட்டும் வாழ்வது ஒன்று, முதுகில் திமில் மாதிரி மேடு உள்ளது. வெள்ளைக்காரத் தூண்டில்காரர்கள் இதற்காகவே இந்தியா வந்திருக்கிறார்கள். சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ். தாமஸ் 1873-லேயே இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார், மஹ்சீர்தான் அதில் கதாநாயகன். 1946 மார்ச்சில் டி வெட் வான் இங்கன் என்பவர் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. தூண்டிலில் சிக்கியதில் இன்றுவரை அதுதான் பெரியது என்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இவர் மைசூர் வான் இங்கன் குடும்பத்துப் பிள்ளை. உலகப் புகழ்பெற்ற பாடம் செய்யும் கம்பெனி. 1900 வாக்கில் ஆரம்பித்து 1999-ல் மூடும்வரை 43,000-க்கும் மேற்பட்ட புலி, சிறுத்தைகள் அவர்கள் கைவழியாகப் போயிருக்கின்றன. 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு தொழில் படுத்துவிட்டது. எத்தனை சமஸ்தானங்கள் சுவரை நிரப்பியிருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் குமட்டுகிறது. ஆனால் அவர்கள் கணக்குப் புத்தகம் ஒழுங்காக வைத்திருந்தார்கள், அதனால்தான் இந்த எண்ணிக்கையாவது நமக்குத் தெரிகிறது.

இவ்வளவு பேர் துரத்தியும் திமில் மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் 2018 வரை கிடையாது! 2007-ல் மூணாறு தாண்டி, சின்னார் சரணாலயத்துப் பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களுக்கு டோர் ரெமாதேவி என்று பெயர் வைத்தார்கள். காவிரி ராட்சசனும் அதுவும் ஒன்றுதான் என்று 2018-ல் ஆராய்ச்சியாளர்கள் நிறுவினார்கள். அவர்களுக்கு மாதிரி கிடைத்தது நம் மோயாற்றில். அதே வருஷம், அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் பட்டியலிலும் ஏறிவிட்டது. பெயர் வைத்த கையோடு ஐ.சி.யூ. மணல் கொள்ளை, வெடி வைத்து மீன் பிடிப்பது, அணைகள் என்று காரணங்கள் பல. காவிரியில் மீன் குறைகிறதே என்று நல்லெண்ணத்தில் வேறு வகை மஹ்சீர்க் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள், அதுவும் ஒரு காரணமாம். இது தெரியவந்ததே தூண்டில் முகாம்காரர்கள் வருஷா வருஷம் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்துதான். எழுதி வைக்காவிட்டால் காணாமல் போனதே தெரிந்திருக்காது.

கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. பாம்பாறு எல்லை தாண்டியதும் அமராவதி ஆகிறது. எங்கள் ஊர் அமராவதி.

வீட்டுக்காரரின் அம்மாவுக்கு எண்பத்தைந்துக்கு மேல் ஆகிறது. அவரிடம் போய் உட்கார்ந்தேன். அம்மச்சி, அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தது? ரொம்ப நேரம் யோசித்தார். முப்பது பவுண்டு என்று மாமனார் சொல்வாராம். ஆறு? "பம்பா... பாம்பார்... அங்ஙனெ எந்தோ." பம்பை சபரிமலைப் பக்கம், மேற்கே ஓடுவது. அது என்றால் இது வேறு மஹ்சீர். பாம்பாறு என்றால் எங்கள் ஊர் மீன். திமிலைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், அந்த வளைவு மீனுடையதா, பிளாஸ்டர் அடைத்தவருடையதா என்று யாருக்குத் தெரியும்!

எடையைச் சரிபார்க்க முடிந்தது. தூண்டில்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: நீளத்தைச் சுற்றளவால் இரண்டு முறை பெருக்கி, 800-ஆல் வகுக்க வேண்டும், எல்லாம் இஞ்ச்சில். நீளம் 38, பாதிச் சுற்றளவை இரட்டித்தால் 22. விடை 23 பவுண்டு. தோல் காய்ந்து சுருங்கியது என்று சலுகை கொடுத்தாலும் துரை கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார். ஆடிட்டில் மாட்டியிருப்பார்.

மென்மையான பிரஷ்ஷால் பூஞ்சையை எடுத்தேன். ஒடிந்த துடுப்பைப் பின்பக்கம் மெல்லிய காகிதம் வைத்து ஒட்டினேன். எனாமலைச் சுரண்டவில்லை, தோலும் சேர்ந்து வந்துவிடும். இடம் மட்டும் மாற்றினோம். மழைச் சாரல் படும் சுவரிலிருந்து உள் அறைக்கு.

பலகைக்குப் பின்னால் ஒரு சீட்டு ஒட்டினேன். பென்சிலில் எழுதினேன், மை பரவிவிடும். அம்மச்சி சொன்னது, சொன்ன தேதி, என் அளவுகள், எனாமல் அடித்த விவரம். ஆறு என்ற இடத்தில்: பம்பை அல்லது பாம்பாறு. பாம்பாறு என்று மட்டும் எழுதக் கை துறுதுறுத்தது. எழுதவில்லை.