இரவல் குரல்

இரவல் குரல் என்பது, திரையில் தோன்றும் ஒருவருடைய உதட்டசைவுக்கு வேறொருவர் மறைவில் நின்று பேச்சைப் பொருத்தி, உருவமும் ஒலியும் ஒரே உடலிலிருந்து பிறந்தனவென்று காண்போர் நம்பும்படி செய்யும் கலையாகும். தொழிலில் ஈடுபட்டோர் இதை டப்பிங் என்றே சொல்வர். படத்தின் தலைப்புப் பட்டியலில் பின்னணிக் குரல் என்று போடுவதுண்டு. இரவல் குரல் என்பது பத்திரிகைகள் பரப்பிய பெயர். இப்பெயரில் சிறிது ஏளனம் கலந்திருப்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கொடுத்தவர் ஒருநாளும் திரும்பப் பெறமுடியாத இரவல் இது என்னும் உண்மையும் அதில் தொனிப்பதால், அதுவே இங்குத் தலைப்பாகக் கொள்ளப்பட்டது.

தான் மறைந்திருந்து மற்றொன்றைப் பேசவைக்கும் வித்தை தமிழ்நாட்டிற்குச் சினிமாவோடு வந்ததன்று. தோற்பாவைக் கூத்தில், வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கொளியில் அமர்ந்த ஒரே மனிதன் இராமனுக்கும் இராவணனுக்கும் சீதைக்கும் கோமாளிகளுக்கும் மாறிமாறிக் குரல் கொடுத்து, கைகளால் பாவைகளையும் ஆட்டி, விடியுமட்டும் கதையை நடத்திச் செல்வான். மௌனப்படக் காலத்தில் கொட்டகைகளில் திரைக்கருகே ஒருவர் நின்று, ஓடுகிற படத்தின் கதையை உரக்கச் சொல்லி, எழுதப்படிக்கத் தெரியாதோர்க்கு எழுத்துப் பலகைகளின் பொருளையும் விளக்கி வந்தார். பேசும்படம் வந்ததும் இவருடைய பிழைப்புப் போயிற்று. மற்றொரு முன்னோடிப் பள்ளி பாய்ஸ் நாடகக் கம்பெனிகளாகும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வசனம் பேசவும், சொல் சிதையாமல் உச்சரிக்கவும் அங்கே சிறுவர்கள் விடியற்காலையிலேயே அப்பியாசம் செய்விக்கப்பட்டார்கள். பருவம் வந்து குரல் உடையும் மகரக்கட்டு என்னும் கட்டத்தில் எத்தனையோ ராஜபார்ட்டுகளும் ஸ்திரீபார்ட்டுகளும் ஒரே மாதத்தில் தம் பாத்திரங்களை இழந்து ஒதுங்கினர் என்பதிலிருந்து, குரலையே ஜீவனமாகக் கொண்டவனுடைய நிலை எவ்வளவு நிச்சயமற்றது என்பதை உணரலாம்.

1931ஆம் ஆண்டு வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாசில் இரவல் குரலுக்கு இடமே இருக்கவில்லை. கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் மறுமொழி சொல்ல, ஜனங்கள் அதை ஒரு குறையாகக் கருதாமல் கூட்டங்கூட்டமாகச் சென்று பார்த்தார்கள். பாட்டுக்கு வேறு குரலைப் பொருத்தும் உபாயம் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் 1938இல் தயாரித்த நந்தகுமாரில் கையாளப்பட்டது. லலிதா வெங்கட்ராமன் பாட, திரையில் நடிகை வாயசைத்தார். பேச்சுக்கும் அதையே செய்யத் துணிந்தவரும் செட்டியாரே. கன்னடத்தில் எடுக்கப்பட்ட ஹரிச்சந்திராவை அவர் தமிழ்ப் பேச்சேற்றி 1944இல் வெளியிட்டார். தமிழில் முதல் மொழிமாற்றப் படமென்று அதையே கூறுவது வழக்கம். இவ்வாறு வந்த படங்களுள் 1951இன் நிரபராதியில் தெலுங்கு நடிகர் முக்காமலாவுக்குத் தமிழ் பேசியவர், மறு ஆண்டு பராசக்தியால் நாடறியப்பட்ட சிவாஜி கணேசன் என்பது குறிக்கத்தக்கது. முகம் வெளிவருமுன் குரல் வெளிவந்துவிட்டது.

தொடக்கத்தில் நடிக்கும்போதே வசனத்தையும் பதிவு செய்தார்கள். 1960களிலிருந்து எடை குறைந்த ஆரிஃப்ளெக்ஸ் கேமராக்கள் பரவவே, அவை ஓடும் சத்தம் வசனத்தோடு கலந்துவிடுவதாலும், படப்பிடிப்பு ஸ்டூடியோவை விட்டு ஆற்றங்கரைக்கும் கிராமத்து வீதிக்கும் சென்றதாலும், பேச்சைப் பிறகு தனியே பதிவு செய்வது பொது வழக்காயிற்று. இவ்வழக்கமே இரவல் குரலுக்கு வாசலைத் திறந்தது. நடிகர் எப்படியும் மீண்டும் பேசத்தான் வேண்டுமென்றால், அவரேதான் பேசவேண்டுமென்பதில்லையே! அக்காலத்து முறைக்கு லூப் என்று பெயர். ஒரு காட்சியைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கிப் புரொஜெக்டரில் மாட்டிவிட்டால், அதே நான்கு வரி வசனம் திரையில் ஓயாமல் திரும்பத் திரும்ப வரும். காட்சியிலுள்ள அத்தனை பேருக்கும் குரல் கொடுப்போர் ஒரே மைக்கைச் சுற்றி நிற்பார்கள். முதல் சில சுற்றுகளில் வெறுமனே உதட்டைப் பார்ப்பார்கள், அடுத்து முணுமுணுத்துப் பழகுவார்கள், பின்னரே பதிவு. ஐந்தாமவர் கடைசிச் சொல்லில் தடுக்கினால், பிழையறப் பேசிய நால்வரும் அவரோடு மறுபடி தொடங்கவேண்டியதே. இப்பொழுது கணிப்பொறியில் ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து, ஒவ்வொரு வரியாகப் பேசிவிட்டுப் போகிறார்கள். வேலை விரைந்து முடிகிறது, பிழை திருத்துவதும் எளிது; எனினும் எதிராளி அருகில் நின்று பேசக் கேட்டு அதற்கு விடையிறுத்ததில் இருந்த உயிர்ப்பு, செவிக்கருவியின் வழியே அவருடைய பதிவைக் கேட்டுப் பேசுவதில் அவ்வளவாக இல்லையென்றே தோன்றுகிறது.

மொழிமாற்றப் படங்களில் குரல் கொடுப்பவரின் திறமைக்குப் பாதிப் பங்காளி வசனகர்த்தா. ப, ம ஆகியவை இதழ்கள் இரண்டும் பொருந்துவதால் பிறப்பன என்றும், மேற்பல் இதழோடு பொருந்துவதால் வ பிறக்கும் என்றும் தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்துச் சொல்லியிருப்பதை, அந்நூலை ஒருமுறையும் புரட்டாத டப்பிங் எழுத்தாளர்கள் நாள்தோறும் கடைப்பிடித்து வருகிறார்கள். தெலுங்கு நாயகி ‘நாக்கு வத்து’ என்று மறுக்கும்போது அவளுடைய இதழ்கள் குவிந்து திறந்தபடி நிற்கும். அதை ‘எனக்கு வேணாம்’ என்று நேராகப் பெயர்த்தால், தமிழ்ப் பேச்சு மகர ஒற்றில் வாயை மூடச்சொல்லும். திரையிலுள்ள வாயோ மூடாது. ஆகவே எழுத்தாளர் ‘எனக்கு எதுக்கு’ என்று மாற்றுவார். பொருளில் சிறிது நழுவினாலும் வாய்க்குப் பொருந்திவிடும். மொழிமாற்றப் படத்தின் தமிழ் இயற்கையாக இல்லையென்று குறைகூறுவோர், அத்தமிழ் வேறொருவருடைய வாயின் அளவுக்குத் தைக்கப்பட்ட சட்டை என்பதை நினைவில் வைத்தல் நியாயம்.

இக்கலையால் நிலைபெற்ற நடிகர்கள் பலர். கன்னட நாட்டிலிருந்து வந்த மோகனுக்கு, மௌன ராகம் உள்ளிட்ட பல படங்களில் பேசியவர் பாடகர் எஸ். என். சுரேந்தர். பாடற்காட்சிகளில் ஒலித்ததோ பெரும்பாலும் எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் சாரீரம். மேடையில் மைக் பிடித்துப் பாடுபவராக அடிக்கடி தோன்றியதால் மைக் மோகன் என்று பிரசித்தி பெற்ற அவருடைய மைக்கின் பின்னால் இவ்வாறு இருவர் இருந்தனர். அதே பாலசுப்பிரமணியம் தெலுங்கில் கமல்ஹாசனின் குரலாகவே நெடுங்காலம் விளங்கினார். பிற்காலத்தில் பெரிய நாயகனாக உயர்ந்த விக்ரம், வாய்ப்புக்குக் காத்திருந்த நாட்களில் அமராவதியில் அஜித்துக்கும், காதலனில் பிரபுதேவாவுக்கும், காதல் தேசத்தில் அப்பாஸுக்கும் குரல் கொடுத்தார். நாயகிகளைப் பம்பாயிலிருந்து வரவழைக்கும் வழக்கம் மிகுந்தபோது பெண்குரல்களின் தேவை பன்மடங்காயிற்று. நடிகைகள் சரிதாவும் ரோகிணியும் நடிப்போடு இதிலும் பெயரெடுத்தார்கள்; சிம்ரனின் குரலென்று ரசிகர்கள் அறிந்தது சவிதாவுடையது; விண்ணைத்தாண்டி வருவாயாவில் திரிஷாவுக்குப் பேசியவர் பாடகி சின்மயி. ஸ்ரீஜா ரவி, அவர் மகள் ரவீனா என்று தாயும் மகளுமாய் இத்தொழிலில் விளங்குவோரும் உளர்.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் இவ்விடத்தில் கூறற்குரியது. 1967 ஜனவரி 12ஆம் நாள் கழுத்தில் குண்டு பாய்ந்த எம். ஜி. ஆருக்குப் பேச்சின் தெளிவு குறைந்தது. நல்ல குரலொன்றை இரவல் வாங்குவது அவருக்கு அரிதன்று. ஆனால் அவர் அதைச் செய்யாமல், அவ்வாண்டே வெளியான காவல்காரனில் தம் உடைந்த குரலோடேயே தோன்றினார்; ஜனங்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். இரவல் குரலை ஆண்டுக்கணக்காகச் சலனமின்றிக் கேட்டுவந்த அதே ஜனங்கள்தாம்.

தொழிலில் புகுவோர் பெரும்பாலும் கூட்டக் குரலில் தொடங்குவர். சந்தைக்கூட்டத்தின் இரைச்சல், கல்யாண வீட்டுப் பேச்சு, ஊர்ப் பஞ்சாயத்தின் முணுமுணுப்பு ஆகியவற்றில் பத்துப் பேரில் ஒருவராய் நின்று, பிறகு ‘ஐயா, தந்தி’ என்னும் ஒரு வரிப் பாத்திரத்துக்கு உயர்ந்து, சங்கத்தில் உறுப்பினராகி, ஒரு நாயகிக்கு வாய்த்தபின் அவருடைய அடுத்த படத்துக்கும் அழைக்கப்படுவதே படிப்படியான வளர்ச்சி. இனிய குரல் மாத்திரம் இதற்குப் போதாது. உள்ளே நுழையுமுன் பெண்கள் கண்ணாடி வளையல்களையும் கொலுசையும் கழற்றிக் கைப்பையில் போடுவார்கள். சரசரக்கும் பட்டுப்புடவையை அன்று உடுத்தமாட்டார்கள். வசனத்துக்கு முன் நடிகை இழுக்கும் மூச்சை முதலில் பிடிக்கவேண்டும். அது தவறினால் வசனம் அரை நொடி பிந்திவிடும். ஓடி இளைக்கும் காட்சிக்கு நின்ற இடத்திலேயே குதித்து இளைப்பை வரவழைத்துக்கொள்வர்; சாப்பிட்டுக்கொண்டே பேசும் காட்சிக்கு வாயில் ரொட்டித் துண்டை அடக்கிக்கொள்வர். ஐந்து வயதுக் குழந்தையின் அழுகையை நாற்பது வயதுப் பெண்மணி அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த காட்சியில் அக்குழந்தையின் பாட்டியாக இருமுவதும் உண்டு.

வானொலியும் தொலைக்காட்சியும் இத்தொழிலை வளர்த்தன. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் நிலையங்கள் ஏற்பட்டபின் வானொலி நாடகம், முகமில்லாமல் குரலால் மட்டுமே நடிக்கும் பயிற்சியைப் பலருக்கு அளித்தது. 2007இல் சுட்டி டி.வி. தொடங்கி, டோராவும் ஜாக்கி சானும் வீட்டுக்கூடத்தில் தமிழ் பேசவே, குழந்தைகளுக்கென்றே பேசும் ஒரு தனி வகுப்பாரும் தோன்றினர்.

புகழில் மட்டும் இவர்களுக்குரிய பங்கு கிடைப்பது அரிது. 1993இல் ஃபாசில் இயக்கிய மணிச்சித்திரத்தாழு என்னும் மலையாளப் படத்தில், நாயகி கங்கை மனம் பேதலித்து நாகவல்லி என்னும் தஞ்சாவூர் நாட்டியக்காரியாக மாறித் தமிழில் சீறும் கட்டம் தென்னாடெங்கும் பேசப்பட்டது. நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. கங்கைக்கு மலையாளம் பேசிய பாக்கியலட்சுமியே நாகவல்லிக்கும் தமிழ் பேசினாரென்று 20 ஆண்டுகளுக்கும் மேலாக எல்லோரும் எண்ணியிருந்தனர். முதலில் அவர் பேசியதும் உண்மையே. ஆனால் இரு பாத்திரங்களின் குரலும் ஒன்றுபோல் ஒலித்ததால், தமிழ்ப் பகுதியைப் பின்னர் வேறொருவரைக் கொண்டு பதிவு செய்ததாக 2016இல் இயக்குநரே எழுதித் தெரிவித்த பிறகுதான், அக்குரலுக்குரியவர் தமிழ் டப்பிங் கலைஞர் துர்கா என்பது வெளியே தெரிந்தது.